விருந்தாளியிடம் சொன்ன பதிலை அடித்துவிடக் கோரி

அனுப்புநர்:
முத்லக் ஃபர்ஹான்,
ஆடு மேய்ப்பவர், தல் அல்-ஹஜர்,
மஃப்ராக், ஜோர்டான்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வெளிநாட்டு உதவிகளுக்கான இரு அரசுகளின் கூட்டு மறுஆய்வுக் குழு,
அம்மான்.

பொருள்: நிறுத்தப்பட்ட டயாலிசிஸ் வேனை மீண்டும் அனுப்ப வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி வத்ஹாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று முறை தொண்ணூறு கிலோமீட்டர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளாக, நட்பு நாட்டின் உதவியில் ஓடிய வேன்தான் அழைத்துப் போனது.

2. மக்கள் சொந்தக் காலில் நிற்பதற்காக எல்லா உதவிகளையும் இரு அரசுகளும் சேர்ந்து பரிசீலிப்பதாகச் சொல்லி, சென்ற அக்டோபரில் தங்கள் குழுவினர் மூவர் என் கூடாரத்துக்கு வந்தனர். வந்தவர்களுக்கு ஆடு அறுக்காமல் அனுப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. இருந்த ஐந்தில் ஒன்றை அறுத்தேன். வத்ஹாவே எழுந்து வந்து சமைத்தாள்.

3. சாப்பிடும்போதே வெளிநாட்டு அதிகாரி படிவத்தை எடுத்து, "உங்களுக்கு என்னங்க குறை? என்ன வேணும்?" என்று கேட்டார். "நீங்க வந்ததே போதும். ஒரு குறையும் இல்ல. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க" என்றேன். விருந்தாளி கையில் சோறு இருக்கும்போது இல்லாமையைச் சொல்வது எங்களுக்கு அவமானம். கூட வந்த நம் நாட்டு அதிகாரிக்கு இது தெரியும். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை போலும்.

4. டிசம்பர் முதல் வேன் வரவில்லை. விசாரித்ததில், "தன்னிறைவு பெற்ற குடும்பம்; வாகனம் தேவையில்லை" என்று பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது பக்கத்துக் கூடாரத்தாரின் ஆட்டு லாரி கிடைக்கும் நாளில் அழைத்துப் போகிறேன். மூன்று முறை ஒரு முறையாகிவிட்டது. அவளுடைய கால்கள் வீங்கிவிட்டன. "உள்ளதச் சொல்லியிருந்தா உங்க மீசை உதிர்ந்தா போயிருக்கும்?" என்று கேட்டாள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

5. தன்னிறைவுக்கு எடுத்துக்காட்டாக எங்களைப் படம் எடுக்க, குழுவினர் அடுத்த மாதம் மீண்டும் வருவதாகக் கடிதம் வந்துள்ளது. தாராளமாக வரலாம். ஆனால் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம். வந்தவர்களிடம் மறுபடியும் அதையேதான் சொல்வேன். வேறு சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை.

ஆகவே, என் பதிலை அடித்துவிட்டு, வேனை உடனே அனுப்பிவைக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். யாரையாவது கேட்டே ஆக வேண்டுமென்றால் வத்ஹாவிடம் கேட்கவும். அவள் உள்ளதைச் சொல்வாள். அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே வந்து கேட்கவும்.

இடம்: தல் அல்-ஹஜர்
நாள்: 11.02.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
முத்லக் ஃபர்ஹான்