முழு விலைக்குக் கொடுத்த கை

ஏப்ரல் 5, ஞாயிறு

ஏழு குதிரைகளும் இன்று சந்தையில் விலைபோயின. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாங்க வந்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு விலை சொல்வார். அப்பா கையை உதறிவிட்டு வேறு விலை சொல்வார். சுற்றி நிற்பவர்கள் இரண்டு கைகளையும் இழுத்து ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். விலையைச் சொல்லி, பிடித்த கையை மூன்று முறை குலுக்கிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு வானமே இடிந்தாலும் அந்த விலை மாறாது.

எட்டாவதான குலாவை மட்டும் விற்கவில்லை. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது அவள் குட்டி. "பலகை முன்னாடி நின்னா உனக்குத் தொண்டை அடைக்குது. சரி, இதுகிட்டப் பேசு" என்று அப்பா கயிற்றை என் கையில் கொடுத்தார். இப்போது அவளே நிறைமாதமாக இருக்கிறாள்.

போன இலையுதிர் காலத்தில் விழுந்ததிலிருந்து அப்பாவின் இடுப்பு சரியில்லை. இனிக் குதிரை ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய வெள்ளிச் சேணம் வாசல் ஆணியில் சும்மா தொங்குகிறது. கார் வாங்கி எங்கள் அத்-பாஷிக்கும் நரின் நகரத்துக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட்டப்போகிறார். பழைய கார் வேண்டாமாம். "அடுத்தவன் கெடுத்த வாயில நான் ஏன் கடிவாளம் போடணும்?" என்கிறார்.

கையில் பன்னிரண்டரை லட்சம் சோம் இருக்கிறது. அதற்குள் முடித்தால் குலா தங்குவாள். அப்பாவே சொன்னார்.

ஏப்ரல் 6

கனவில் காருக்கு நிறமே இல்லை. மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தோம். பனி ஒதுங்கி வழிவிட்டது. யாரும் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 9, பிஷ்கேக்

சித்தி வீட்டுச் சமையலறை. சித்தி லக்மான் நூடுல்ஸுக்கு மாவு இழுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கார் விற்கும் இடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனதும் வெளியிலிருந்த மலைகளும் எங்களோடு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு கார் கதவிலும் பனிமலை வளைந்து தெரிந்தது. ஒரு வெள்ளைக் கார். அதன் கதவுக்குள் நான் ஒல்லியாக, நீளமாக, வேறு யாரோ போல நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் பேச வரும் என்று தோன்றியது.

விற்பவர் பெயர் தாலாய். இருபத்தைந்து வயது இருக்கலாம். இறுக்கமான நீலக் கோட்டு. அப்பாவை அண்ணே அண்ணே என்றே கூப்பிட்டார். அப்பா காரை இரண்டு முறை சுற்றிவந்தார், சக்கரத்தைத் தட்டினார், முன்மூடியைத் திறக்கச் சொன்னார்.

"பல்லைப் பாக்கறீங்களா அண்ணே?" என்று தாலாய் சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். விலையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். அங்கேதான் வினை. இருக்கை தாழ்வு, இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. தாலாய் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். தூக்கியவர் கையை விடவில்லை. "பதிமூன்றரை லட்சம்தான் அண்ணே, பிரமாதமான வண்டி" என்று சொல்லிக்கொண்டே குலுக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சந்தையில் ஒரு குதிரை முடியும்போது அவர் முகம் எப்படி மூடிக்கொள்ளுமோ அப்படி மூடிக்கொண்டது.

கையை உதறியிருந்தால் கீழே விழுந்திருப்பார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வெளியே வந்ததும், "முடிஞ்சுபோச்சு, பேகாயிம். பதிமூன்றரை. அடுத்த வியாழக்கிழமை பணத்தோட வரேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அப்பா, அது கை கொடுத்ததே இல்லை, தூக்கிவிட்டதுதான் - இதை நான் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் முழு வாக்கியமாக இருந்தது. ஏன் வரவில்லை?

ஏப்ரல் 10

வீடு. அம்மா கத்திய கத்தலில் கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

"முழு விலையா? ஒரு சோம்கூடக் குறைக்காம? பொட்டலம் உப்பு வாங்கினாக்கூடப் பேசி வாங்குவியே மனுஷா!"

"அவன் விலையைச் சொன்னான். குலுக்கினான். நான் உதறல."

"நகரத்துப் பசங்க நாய்க்குக்கூடக் கை குடுப்பாங்க!"

"அவன் யாருக்கு வேணா குடுக்கட்டும், சாய்ரா. குடுத்த என் கை என்னோடதாச்சே."

அம்மா பொரிக்க வைத்திருந்த போர்சோக் மாவைப் போட்டுக் குத்தினாள். ஒரு லட்சம் குறைகிறது. ஒரு லட்சம் என்றால் குலா.

ஏப்ரல் 12, ஞாயிறு

பக்கத்து ஊர் முகாம்பெத் வந்து குலாவின் வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றில் கையை வைத்து, "குட்டியோட சேத்து ஒரு லட்சம் தரேன்" என்றார். அப்பா கைகளை மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை வண்டியோட வாங்க. அன்னிக்கு முடிச்சுக்கலாம்" என்றார்.

அவர் கைகள் பைக்குள் இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 13

எழுத ஒன்றுமில்லை. குலாவைச் சீவிவிட்டேன். குளிர்காலத்து முடி கொத்துக் கொத்தாக வந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. குருவிகள் கூடு கட்ட எடுத்துப்போகும். எத்தனை கூட்டில் இவள் இருப்பாள்?

ஏப்ரல் 14

அன்று கார் விற்கும் இடத்தில் நான் வேறொன்றையும் பார்த்தேன். பேசாத ஆளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கிறது. தாலாய் தண்ணீர்க் குடுவை கொண்டுவந்தவருக்கும் மூன்று முறை குலுக்கினார். கழிவறை எங்கே என்று கேட்டு வந்தவருக்கும் மூன்று முறை. அது அவர் கையின் பழக்கம். அதில் விலையே இல்லை.

பால் கறக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "இதை உங்கப்பன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அவன் கை எப்படியோ, என் கை அப்படி இல்லன்னுட்டார்."

"அப்ப அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

"யார்கிட்ட?"

"அந்த நீலக் கோட்டுக்காரன்கிட்ட. உங்கப்பன் வாயைத் திறக்கமாட்டான், கை குடுத்துட்டான். என்னால மாட்டை விட்டுட்டு வர முடியாது. நீ ஒருத்திதான் கை குடுக்காதவ."

அம்மா என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்? கடைக்காரி விலை சொல்லி மீதி தர மறந்தால்கூட நான் அப்படியே வந்துவிடுவேன்.

ஏப்ரல் 15

நாளை அப்பாவோடு போகிறேன். வழியில் சொல்லிப் பார்க்க ஒரு வாக்கியம் தயார் செய்திருக்கிறேன். மூன்று முறை மாற்றினேன். குலாவிடம் சொன்னால் வருகிறது. அவள் காதை ஆட்டினாள்.

ஏப்ரல் 16, பிஷ்கேக்

சித்தி வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஆனால் எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இதையும் கனவு என்று நினைத்துவிடுவேன்.

விடியும் முன் கிளம்பினோம். தொலோன் கணவாயில் மேகம் சாலைமேல் படுத்திருந்தது. எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒலியெழுப்பிக்கொண்டே அதற்குள் நுழைந்தார். வெளியே எதுவும் இல்லை, வெள்ளை மட்டும். நான் என் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல அதற்கு அர்த்தம் போய்விட்டது. கொச்கோர் ஊர் வந்தபோது வெறும் சத்தமாக இருந்தது.

கண்ணாடிக் கூடம். தாலாய் ஓடிவந்தார், அப்பாவுக்குக் கை நீட்டினார். அப்பா பணப்பையை மார்போடு அணைத்திருந்ததால் கொடுக்கவில்லை.

"பன்னெண்டரை இருக்கு. மீதி ஒரு லட்சம் சனிக்கிழமை வரும். ஒரு குதிரை இருக்கு" என்றார் அப்பா.

"அவசரமே இல்ல அண்ணே" என்று தாலாய் காகிதங்களை எடுத்து வைத்தார். எழுதுகோலை அப்பா பக்கம் திருப்பி வைத்தார்.

இப்போது. இப்போது சொல்லு. இப்போது.

சொல்லவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். நின்றுகொண்டே இருந்தேன். தாலாய் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, தண்ணி வேணுமா?"

தலையாட்டினேன். வேண்டாம்.

"நிறம் பிடிக்கலையா?"

வேண்டாம் என்பதற்கு ஆட்டியதை நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் எழுதுகோலைத் தூக்கிக்கொண்டார். "பொண்ணுக்கு ஏதோ மனசு சரியில்ல போலிருக்கே அண்ணே" என்றார். அப்பா, "உக்காரு பேகாயிம்" என்றார்.

உட்காரவில்லை. அந்த வெள்ளைக் கதவுக்குள் மலையும் நானும் இருந்தோம். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தயாராக வைத்திருந்த வாக்கியம் இல்லை. வேறு ஏதோ வந்தது.

"அண்ணா, அன்னிக்கு எங்கப்பாவைத் தூக்கிவிடறப்போ விலை சொல்லிக் கையைக் குலுக்கினீங்க. எங்க சந்தையில அது முடிஞ்ச வியாபாரம். அவர் இனிமே பேசமாட்டார். நீங்க அந்தக் கையைத் திருப்பி எடுத்துக்கணும்."

கூடத்தில் எங்கோ ஒரு தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

தாலாய் முதலில் சிரித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. தாலாயின் சிரிப்பு நின்றது.

"அதனாலதானா? அண்ணே, இங்க யாருமே எழுதியிருக்கற விலைக்கு வாங்கினது கிடையாது. குறைக்கச் சொல்லிக் கேப்பாங்கன்னுதான் அப்படி எழுதறதே. நீங்க கேக்காமப் போனதும் எனக்குப் பயமாயிடுச்சு. கள்ளப்பணம் வெச்சிருக்காரோன்னு மேலாளர்கிட்டக்கூடச் சொன்னேன்."

"கள்ளப்பணமா!" அப்பா எழுந்தார். இடுப்பு வலி எங்கே போனதோ.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. சொல்லுங்க, கையை எப்படித் திருப்பி எடுக்கறது?"

அப்பா யோசித்தார். எங்கள் சந்தையில் யாரும் திருப்பி எடுத்ததில்லை. கடைசியில், "வித்தவன் வாயால, இந்த விலை எனக்கு வேண்டாம்னு சொல்லணும். வேற வழி இல்ல" என்றார்.

தாலாய் மேலாளர் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பதிமூன்றரை லட்சம் எனக்கு வேண்டாம்" என்றார். பாவம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். என்னை உட்காரவைத்துப் பணப்பையை என் மடியில் போட்டார். சட்டைக்கையைச் சுருட்டினார். தாலாயின் கையைப் பிடித்தார்.

"பன்னெண்டு!"

"அண்ணே!" தாலாய் உதறினார். "பதிமூணு இருபது!"

"இதோட முதுகு வளைஞ்சிருக்கு. பன்னெண்டு பத்து!"

"அது வடிவமைப்பு அண்ணே!"

ஒரு மணி நேரம். காரைக் கழுவுகிறவர் வந்தார். கணக்கெழுதும் பெண் வந்தாள். வாசல் காவலாளி நரின்காரர் போலிருக்கிறது, ஓடிவந்து இரண்டு பேர் கையையும் பிடித்து ஒட்டவைத்து, "குடுங்கப்பா, குடுங்க! வண்டி அழுவுது பாருங்க!" என்று கத்தினார். தாலாயின் நீலக் கோட்டு அக்குளில் கிழிந்துவிட்டது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இலையுதிர் காலத்துக்குப் பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம். அதற்குக் கீழே மேலாளர் விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் மடியில் இருந்த பையைத் தடவிக்கொண்டிருந்தேன். முப்பதாயிரம் குறைகிறது.

ஏப்ரல் 17

அம்மாவோடு அப்பா தொலைபேசியில் பேசியதில் எனக்குக் கேட்டது அப்பாவின் பாதி மட்டும்.

"ஆமா. முப்பது... இல்ல, அவளை இல்ல... முகாம்பெத் நாளைக்குத்தானே வரான், இன்னிக்கே வரச்சொல்லு... சேணத்தைக் குடு... ஆமா, வெள்ளிச் சேணம்தான். ஏறாதவனுக்கு எதுக்கு?"

பணம் மதியம் வந்துசேர்ந்தது. தாலாய் சாவியை என்னிடம் கொடுத்தார். கை நீட்டவில்லை, மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 18

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா நான்கு சக்கரத்துக்கும் பால் தெளித்தாள். எங்கள் வழக்கப்படி, புது வண்டியைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு நாணயம் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வாசலில் சேணம் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் லாயத்துக்குப் போனேன். சும்மா குலாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 23

பெண் குட்டி. நாலு காலும் நாலு பக்கம் போகிறது.

மே 10

குலாமேல் சேணம் இல்லாமல் ஏறப் பழகிவிட்டேன். முதலில் வழுக்கியது. இப்போது அவள் மூச்சு என் முழங்காலுக்குள் போய்வருவது தெரிகிறது. இன்று ஆற்றங்கரையில் கண்ணை மூடிக்கொண்டு போனேன். நான் போகிறேனா, புல்வெளி என்னைத் தாண்டிப் போகிறதா என்று தெரியவில்லை. குட்டி பின்னாலேயே வந்தது. தூரத்தில் சாலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்பாவாகத்தான் இருக்கும்.

மே 24

பக்கத்து வீட்டு ஜூமாபெக் மாமா வந்தார். அவரும் கார் வாங்கப்போகிறாராம். "உன் பொண்ணை ஒரு நாளைக்கு அனுப்பு. அவ எழுந்து நின்னு தலையாட்டினாலே எழுபதாயிரம் இறங்குதாமே!"

"நானும் பேசினேன்யா. ஒரு மணி நேரம் பேசினேன்!" என்றார் அப்பா.

"நீ பேசினதை விடு. உன்னை எழுந்திருக்க வெச்சதே அவதானே."

அம்மா தேநீர் ஊற்றாமல் நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் நான் மாட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

"வரேன் மாமா. ஆனா ஒண்ணு," என்றேன். குரல் கொஞ்சம் உயரமாகத்தான் வந்தது. "உங்க ரெண்டு கையும் பைக்குள்ளயே இருக்கணும். நான் சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது."