வெடித்த டீசல் குழாய்

மார்ச் 4
பல்வலி. எல்லை தாண்டிய மீன்பிடிப் படகு ஒன்றைக் காலையில் பிடித்தோம். தாண்டியது எங்கே, இன்ஜின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. "கட்டி இழுக்க நேரமில்ல, சரிபண்ணு" என்றார் கேப்டன். டீசல் குழாய் வெடித்திருந்தது. எங்கள் ரோந்துக் கப்பலிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. "நல்லா இருக்கணும் தம்பி" என்று படகுக்காரர் என் கையைப் பிடித்தார். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

மார்ச் 9
கேப்டனின் அறிக்கை: 'இன்ஜின் நன்றாக ஓடியது. வேண்டுமென்றே எல்லை தாண்டினார்கள்.' இது பொய் சார் என்றேன். "ஓடித்தானே துறைமுகம் வந்துச்சு? நீதானேய்யா ஓட வச்சே?" சிரிக்கிறார்!

மார்ச் 10
சீ.

மார்ச் 28
படகு ஏலம் போய்விட்டது. ஏலப் பணத்தில் ஒரு பகுதி, பிடித்த எங்களுக்கு. பரிசுப் பணமாம். நாங்கள் என்ன ஓட்டப்பந்தயமா ஓடினோம்? அந்தக் காலத்தில் எதிரிக் கப்பலைப் பிடித்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்வார்களாம், அங்கிருந்து வந்த வழக்கமாம். கேப்டன் பெருமையாக விளக்கினார். அந்த எதிரியிடம் பீரங்கி இருந்திருக்கும். இந்தப் படகுக்காரரிடம் வலையும் ஐஸ் பெட்டியும்தான். எனக்கு மட்டும் ஒன்றரைப் பங்கு, இன்ஜினைச் சரிசெய்ததற்காக. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2
அந்தப் பங்குப் பணத்தில் வாஷிங் மெஷின் வந்தாயிற்று. என் கிரீஸ் சட்டையைத்தான் முதலில் போட்டாள் மனைவி. "எவ்வளவு அழுக்கு போகுது பாருங்க!" அங்கே நிற்க முடியவில்லை. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 11
துறைமுக வாசலில் படகுக்காரர். "அப்பீல் போட்டிருக்கேன் தம்பி. வெள்ளிக்கிழமை விசாரணை. அன்னைக்கு இன்ஜின் ஓடலன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும்." நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெடித்த குழாய் இன்னும் என் டூல் பெட்டியில்தான் கிடக்கிறது. ஏன் எறியவில்லை? தெரியவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள்.

ஏப்ரல் 17
விசாரணையில் வெடித்த குழாயை அதிகாரியின் மேசைமேல் வைத்தேன். அன்று இன்ஜின் ஓடவில்லை என்றேன்.

மே 6
படகின் விலையை அவருக்கே கொடுக்கச் சொல்லி உத்தரவு. எல்லாரும் பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். கப்பலில் ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கள் முதல் எனக்குக் கப்பலில் வேலை இல்லை, கரையிலுள்ள பட்டறையில்தான்.

மெஷினைக் கடைக்காரன் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். மனைவி என் சட்டையை வாளியில் ஊறவைத்திருந்தாள். "கிரீஸ் போகவே மாட்டேங்குதுங்க." நானே தேய்க்கிறேன் என்று வாளியை வாங்கிக்கொண்டேன்.