நாத்தனாரின் ராஜா தப்பிக்கும் விதம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் லைன் போய்விட்டது.

போன் செஸ்ஸில் நாத்தனாருடைய ராஜா மூலையில். எதிரே என் ராணி, பக்கத்தில் என் யானை. ஓடவும் இடமில்லை, ஒளியவும் இடமில்லை. "செக்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு விரலைப் போனில் வைக்கிறேன், வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஒரு கட்டம் வந்து சொல்கிறது: எதிராளி வென்றார்.

யார் வென்றார்? எதை வென்றார்? மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றவள் வென்றவளா?

போன வெள்ளியும் இப்படித்தான். அதற்கு முந்தின செவ்வாயும் இப்படித்தான். நான் தோற்கிற நாளில் மட்டும் லைன் குத்துக்கல் மாதிரி நிற்கிறது.

இவரிடம் சொன்னேன். மின்சார ஆபீசில் முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கிய மனுஷர். எழுந்து போய், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற வைஃபை பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒயரை இழுத்துப் பார்த்தார். "லைன்ல ஏதோ கோளாறு. இதெல்லாம் சகஜம்" என்றார்.

"கோளாறு லைன்ல இல்ல. உங்க தங்கச்சிகிட்ட."

"அவளை எதுக்கு இழுக்கறே?" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

மார்ச் 5

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு ஆறவில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகாத சமயம். மாமனார் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் செஸ் கற்றுக்கொடுத்தார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவள் பி.ஏ. மூன்றாம் வாரமே அவளை மடக்கிவிட்டேன். நான் செக் என்றதும் அவளுக்குத் தாகம் எடுத்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தாள். முழங்கை பலகையில் பட்டது. அத்தனை காயும் கட்டிலுக்கு அடியில்.

"ஐயோ, தெரியாமப் பட்டுடுச்சு அண்ணி."

தெரியாமல் படுகிற முழங்கை அவ்வளவு பலமாகவா படும்? எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். திரும்ப அடுக்குகிறேன் என்று அப்போதே சொன்னேன். மாமனார், "விடும்மா, விளையாட்டுதானே" என்றார். விளையாட்டுதானே, விளையாட்டுதானே என்று ஜெயிக்கப்போகிறவளிடம்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தோற்கப்போகிறவளிடம் யார் சொல்கிறார்கள்?

அன்றைக்கு முழங்கை. இன்றைக்கு லைன்.

மார்ச் 7, வெள்ளி

போனது. செக் என்றேன், போனது. டீ ஆறிக் கிடக்கிறது. தொடவில்லை.

மார்ச் 8

பேத்திக்கு இன்று காலேஜ் இல்லை. பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"யார் பக்கம் நெட் போகுதோ அவங்க தோத்ததாத்தான் கணக்கு பாட்டி. நீ தோத்ததா வருதுன்னா, போறது நம்ம வீட்டு நெட்தான்."

"நீ படம் பார்க்கறப்போ போகல. உங்கப்பன் மணிக்கணக்கா மீட்டிங் பேசறப்போ போகல. நான் ஜெயிக்கறப்போ மட்டும் போகுமா?"

"அது உன் ராசி."

"அவ பையன் கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்கான்? அங்கிருந்தே நம்ம லைனைப் பிடுங்க முடியாதா?"

சிரிக்கிறாள். "அத்தைப் பாட்டிக்குப் போன்ல ஒரு போட்டோ அனுப்பத் தெரியாது. அவங்க போய் லைனைப் பிடுங்கறாங்களா?"

எனக்குப் பேத்தியா, அவளுக்கு வக்கீலா?

இவர் பேப்பருக்குள்ளிருந்து, "தோத்தாத்தான் என்ன? குறைஞ்சா போயிடுவே?" என்கிறார்.

இவருடைய பயம் எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எல்லோரும் நின்று போட்டோ எடுத்தோம். நாத்தனார் கை கழுவப் போயிருந்தாள். அவள் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், பதினோரு வருஷம் பேச்சில்லை, இந்த வாசலை மிதிக்கவில்லை. போன வருஷம் இவர்களுடைய பெரிய அண்ணன் தவறினபோதுதான் அழுதுகொண்டே வந்து இவர் கையைப் பிடித்தாள். அதற்கப்புறம் பேத்தி இரண்டு பேர் போனிலும் செஸ்ஸைப் போட்டுக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் நாத்தனார் போன் செய்வாள். என்னோடு இரண்டு வார்த்தை. அப்புறம், "அண்ணன்கிட்ட குடுங்க." அந்த அரை மணி நேரப் பேச்சுக்காக இவர் செவ்வாயும் வெள்ளியும் நேரத்தோடு குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனில் பேச எதற்குத் தேய்த்த சட்டை?

இருக்கட்டும். அண்ணன் தங்கச்சி பேச நான் எதற்குத் தோற்க வேண்டும்?

மார்ச் 11, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. குரல் எழும்பவில்லை. செக் என்று சொல்ல முடியாமல் காயை மட்டும் நகர்த்தினேன். லைன் போகவில்லை. மறுபடி செக். போகவில்லை. இதோ போகும், இதோ போகும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராணியைக் கோட்டைவிட்டேன். தோற்றேன். முறையாகவே தோற்றேன்.

படுத்தபடி யோசிக்கிறேன். வாய்விட்டுச் செக் சொன்ன நாளெல்லாம் லைன் போயிருக்கிறது. சொல்லாத இன்றைக்குப் போகவில்லை. இந்த ஆட்டத்தில்தான் குரல் கேட்காதே! நான் இங்கே கத்துவது அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுக்குக் கேட்காது. அப்படியானால் யாருக்குக் கேட்கும்?

பகலில் இந்த வீட்டில் இரண்டே பேர்தான்.

மார்ச் 14, வெள்ளி

தொண்டை திறந்துவிட்டது. இன்று ஒரு சோதனை வைத்தேன்.

ஆட்டம் அப்போதுதான் ஆரம்பம். இரண்டு சிப்பாய்தான் நகர்ந்திருக்கிறது. செக்காவது ஒன்றாவது. ஆனாலும் உள்ளறையில் இருந்து ஓங்கிச் சொன்னேன், "செக்!"

வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

முழங்கால் வலியையும் மறந்து எழுந்து போனேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இவர். ஒரு கையில் பேப்பர். இன்னொரு கை சுவிட்சில்.

"என்னங்க இது?"

"லைன் போச்சேன்னு பார்க்க வந்தேன்."

"லைன் போச்சுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் இவர். இன்றைக்கு நழுவ இடமில்லை. ராஜா மூலையில்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நான் அவளை எண்ணி, அவள் பெற்ற பிள்ளையை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மேய்ந்ததோ என் வீட்டு வேலி! ஊருக்கெல்லாம் லைன் கொடுத்த மனுஷன், எனக்கு மட்டும் பிடுங்கியிருக்கிறார்.

குனிந்து செருப்புகளை நேராக அடுக்கினார். அப்புறம் சொன்னார்: "அவ தோத்தா மறுபடியும் முறுக்கிக்குவா. எனக்குன்னு கூடப்பொறந்தது அவ ஒருத்திதான் மிச்சம்."

"அப்போ நான் தோத்தா பரவாயில்லையா?"

"நீ தோத்தாலும் பேசுவே. திட்டிக்கிட்டாவது பேசுவே. அந்தத் தைரியம்தான்."

அடிப்பதா, சிரிப்பதா? இரண்டும் செய்யவில்லை.

ஆட்டத்துக்கு அப்புறம் நாத்தனார் போன் செய்யவில்லை.

மார்ச் 15

இவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். காலைவரை தாக்குப்பிடித்தேன். குளித்துவிட்டு பாத்ரூம் விளக்கை அணைக்காமல் வருகிறார். "வைஃபையை அணைக்கத் தெரியுது, விளக்கை அணைக்கத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சீ.

மார்ச் 18, செவ்வாய்

வழக்கமான பதினோரு மணிக்கு நாத்தனார் போனில் ஆட வரவில்லை. இவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் போன் வந்தது. எடுத்தவுடனே பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, நான் என்ன பிச்சையா கேட்டேன்?"

"என்ன சொல்றே?"

"ஜெயிக்கப்போற நேரத்துல எழுந்து போயிடறீங்க. எனக்குத் தெரியாதா, நான் தோக்கப்போறேன்னு? பாவம் பார்த்து விட்டுக்குடுக்கறீங்களா? போன வெள்ளி ரெண்டு சிப்பாய் நகர்த்தினதுமே போயிட்டீங்க. என்கூட ஆடறதே கேவலமாப் போச்சா? இனிமே ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் தோற்றால் பேச மாட்டாள் என்று இவர் பிடுங்கினார். பிடுங்கினதாலேயே பேச்சு நிற்கப்போகிறது. இவர் எதிரே நின்று என் முகத்தைப் பார்க்கிறார். 'உன் அண்ணன்தான்டி' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. அந்தத் தேய்த்த சட்டையைப் பார்த்தேன். பாழாய்ப்போன சட்டை.

"எங்க வீட்டு லைன் சரியில்ல. நம்பலைன்னா நேர்ல வா. பலகை வெச்சு ஆடுவோம். உன் முழங்கையை மட்டும் பத்திரமா வெச்சுக்க."

"அதை இன்னுமா மறக்கல நீங்க?"

"நீ போட்டோவை மறந்துட்டியா?"

போன் நின்றுவிட்டது. இந்தத் தடவை லைன் போகவில்லை. அவளேதான் வைத்தாள்.

மார்ச் 19

இவர் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதே சட்டைதான்.

மார்ச் 21, வெள்ளி

பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாத்தனார். கக்கத்தில் செஸ் பலகை. வா என்று சொல்ல விடவில்லை. "எங்கே உட்கார்றது?" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்தோம். இவர் சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவள் இரண்டு முழங்கையையும் மடிக்குள் அடக்கிக்கொண்டு, விரலால் மட்டும் காயை நகர்த்தினாள். எனக்குக் காட்டுவதற்காகத்தான்! நன்றாக ஆடினாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடைசியில் ராஜா மூலைக்குப் போயிற்று.

"செக்" என்றேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

ஃபேன் நின்றது.

இவர் கை சுவிட்சில் இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று இவரே திகைத்துப் பார்க்கிறார். நாத்தனார் ஃபேனைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணா! நீயா?"

"இல்லம்மா... கரண்ட்டு..."

"டியூப்லைட் எரியுது!"

அப்புறம் இவருக்குக் கிடைத்த அர்ச்சனையில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவள் தொடர்ந்தாள். "நான் தோத்தா பேச மாட்டேன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். இவர் சுவரில் இருந்த அந்தப் போட்டோவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "ஃபேனைப் போடு. ஆட்டம் முடியட்டும்" என்றாள்.

முடித்தேன். தோற்றாள். காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள். பலகையை மட்டும் எடுக்கவில்லை.

"இதை எதுக்குச் சும்மா தூக்கிட்டு அலையணும்? இங்கேயே இருக்கட்டும் அண்ணி" என்றாள். இவர் டீ போடப் போனார். யாரும் சொல்லவில்லை, தானாகவே போனார்.

மார்ச் 25, செவ்வாய்

என் கூடத்தில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே, நாத்தனார் என் ராஜாவை மூலைக்குத் தள்ளிவிட்டாள். அந்தக் குதிரையை நான் கவனிக்கவில்லை.

கால் மரத்துப்போகவே எழுந்தேன். முழங்கை பலகையில் பட்டது. அத்தனை காயும் சோபாவுக்கு அடியில்.

தெரியாமல்தான் பட்டது. நிஜமாகவே தெரியாமல்தான் பட்டது! யாரும் நம்பவில்லை. இவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. குனிந்து காய்களைப் பொறுக்கி என் மடியில் கொட்டினாள். "எது எங்கே நின்னுதுன்னு உங்களுக்குத்தான் மறக்காதே. அடுக்குங்க அண்ணி."

அடுக்கினேன். ஒன்றுகூட மாறவில்லை. தோற்றேன்.