நீ அழிக்காமல் வைத்த முகம்

போன புதன்கிழமை கடையில் உன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். குப்பென்று கிராம்பு வாசம். ஹார்ட் டிஸ்குகளை டப்பாவில் அடுக்கி, எறும்பு ஏறக் கூடாதென்று இடையிடையே கிராம்பைத் தூவி வைத்தவள் இந்தத் தருமபுரியிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது, வாசம் போகவில்லை. எனக்கு அழுகை வருவதற்கு முன் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு, இதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாயே என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிஸ்குகளில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு கடை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவே செய்திருந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

நமக்குள் இருந்த ஒரே சண்டை அதுதானே. நீ கேமரா, நான் கம்ப்யூட்டர். உங்கள் ஆட்கள் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று ஆரம்பித்த கடை. அப்புறம் எங்கள் ஊர்க் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்துக்கும் "அந்த பாயம்மாவையே வரச் சொல்லுங்க" என்று கேட்டு வந்தார்கள். நீ எடுத்து வருவதை நான் ஜேபெக்காக மாற்றி, ஆல்பம் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதற்கப்புறமும் கேமரா பார்த்ததைப் பார்த்தபடியே வைத்திருக்கும் அந்த ரா கோப்புகள் எதற்கு என்பது என் கட்சி. ஒவ்வொன்றும் இடத்தை அடைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

"நீ மாத்துனது உன் வேலைப்பாடு புள்ள. இது அவங்க மூஞ்சி. அத அழிக்க நம்மள யாரு கேட்டா?" என்பாய்.

"இத்தனை வருசம் கழிச்சு யாரு வந்து கேக்கப் போறா? வந்தா என் பேர மாத்திக்கறேன்."

"நல்ல பேரா நானே வைக்கறேன், கவலப்படாத."

ஒரு வருடம் ரம்ஜானுக்குப் புடவை எடுக்கவில்லை நீ. ஹார்ட் டிஸ்க் எடுத்து வந்து, புதுத்துணி காட்டுவதுபோல் என்னிடம் நீட்டிக் காட்டினாய். அதையும் ஒழுங்காக வைத்தாயா? ஃபோல்டர்களில் தேதி கிடையாது. 'பொம்மிடி – மழை', 'நல்லம்பள்ளி – சம்பந்தி சண்டை' என்று பேர். தேதியை எழுதித் தொலையேன் என்று கத்தினால், "தேதி மறந்துடும், சண்ட மறக்குமா?" என்று சிரிப்பாய்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். கம்பைநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாம் கல்யாணம் எடுத்துக் கொடுத்த பெண்தான். கூடவே ஒன்பது வயது மகள். மகளை வாசலில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆல்பத்தை என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, ஸ்கூல்ல டான்ஸுக்கு இவள கருப்பின்னு பின்னாடி நிறுத்திட்டாங்க போல. வூட்டுக்கு வந்து இந்த ஆல்பத்த எடுத்துப் பாத்துட்டு என்ன கேக்கறா தெரியுங்களா? 'நீ வெள்ளையாத்தான இருந்த, என்னப் பெத்ததுலதான் கருத்துப் போயிட்டியாம்மா'ங்கறா. நான் பொறந்ததுலருந்தே இந்த நெறந்தான்னா நம்ப மாட்டேங்கறா. சின்ன வயசுப் படமெல்லாம் அம்மா வூட்டுல மழைல ஒழுகிப் போச்சுங்க. மாத்தாத படம் ஒண்ணே ஒண்ணு இருந்தா போதுங்க்கா."

ஆல்பத்தைப் புரட்டினேன். அந்த வெளுப்பு கேமராவில் வந்ததில்லை. என் கையில் வந்தது. பெண்ணைக் கொஞ்சம் பளிச்சென்று போடுங்கள் என்று யாராவது சொல்வதற்கு முன்பே, எல்லாப் படத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மவுசின் ஒரே இழுப்பில் வெளுப்பை ஏற்றிவிடுவேன். அதைத் தொழில் சுத்தம் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உன் இழுப்பறையைத் திறந்தேன். மூன்றாவது டிஸ்கில் இருந்தது: 'கம்பைநல்லூர் – பவுடர தொடச்ச பொண்ணு'.

படித்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கல்யாணத்திலிருந்து நீ குதித்துக்கொண்டு வந்தாய். மேக்கப் போட வந்த அம்மா மூன்று பூச்சுப் பூசிவிட்டுப் போனதும், மணப்பெண் கதவைச் சாத்தி, துண்டை நனைத்து அத்தனையையும் துடைத்துவிட்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாளாம். அறையில் நீ மட்டும் இருந்தாயாம். "நெருப்பு மாதிரி இருந்தா புள்ள. இது ஒண்ண மட்டும் தொடாத" என்றாய். தலையை ஆட்டினேன். மறுநாள் வேலை மும்முரத்தில் அதையும் சேர்த்தே இழுத்துவிட்டேன். அவள் துடைத்ததை நான் திரும்பப் பூசினேன். ஆல்பம் போன பிறகு பார்த்துவிட்டு, இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. கேட்டு வருபவர்கள் இருந்தால் பேர் மாற்றிக்கொள்கிறேன் என்று சவால் விட்டேனே, இனி என் பேரை நீயே வைத்துக்கொள்.

கோப்பைத் திறந்தேன். திரையில் அவள் வந்தாள். பழுத்த நாவல்பழ நிறத்தில், நெற்றியோரம் ஈரம் மின்ன, கழுத்தில் ஓரிடத்தில் மட்டும் துடைக்காமல் விட்ட பவுடர் திட்டோடு. எத்தனை அழகாக எடுத்திருக்கிறாய், பாவி! இத்தனை வருடம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைப் பார்க்காமல் என்ன கிழித்தேன் நான்?

மகளைக் கூப்பிட்டோம். வந்து திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டி, படத்தில் இருந்த கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கையும் கன்னமும் ஒரே நிறம்.

"இது கல்யாணத்தன்னிக்கா?"

"ஆமா கண்ணு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?"

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் என்னுடையதுதான் என்று தெரிந்தது.

"நீ ஒண்ணுமே பண்ணல சாமி. நான்தான் பண்ணேன். அம்மா இப்படித்தான் இருந்தாங்க. நான் கம்ப்யூட்டர்ல மாத்திட்டேன்."

என்னை முறைத்துப் பார்த்தாள். முறைக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். "அப்ப இத யாரு எடுத்தா?" என்றாள். உன் பேரைச் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி நான் சொன்னதை நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்திருப்பாய்.

ஒரு புள்ளிகூட மாற்றாமல் பெரியதாக அச்சுப் போட்டுக் கொடுத்தேன். கவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அந்தக் குட்டி. படத்தை வெளிப்பக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெருவே பார்க்கட்டும் என்று அம்மாவுக்கு முன்னால் நடந்து போனாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சாரிக் கடைக்காரர் யாரு படம் என்று கேட்டார். என் சிநேகிதி எடுத்தது என்று, அவர் கேட்காததையும் சேர்த்துப் பத்து நிமிடம் பேசினேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்குகளைத் துடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் இன்னொரு பிரதி எடுத்து வைத்தேன். திருந்திவிட்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பளிச்சென்று போடுங்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், இன்றைக்கும் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுப்பதில்லை. ஒவ்வொரு முகமாகத் திறக்கிறேன். திறந்ததும், உள்ளே யாரோ ஒரு பிள்ளை 'நான் என்ன தப்புச் செய்தேன்' என்று என்னைக் கேட்கிறது. பாதி முகங்களுக்கு என் கை நகர மாட்டேன் என்கிறது.