நாலாவது பாட்டு

ஜூலை 19, சனி

காலையிலேயே புழுக்கம். கோச்சடை ஸ்டூடியோவில் ஏசி ஓடவில்லை.

என் சாக்ஸபோன். எதிரே காதர் அண்ணனின் கல்யாண பேண்டு: நாலு டிரம்பெட், இரண்டு டிராம்போன், ஒரு யூபோனியம். ஜாஸ் என்றதும் சிரித்தவர்கள் இன்று மூன்று பாட்டு முடித்துக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் வாசிக்கிற மாதிரியே, சுவர் அதிர. எனக்கு வேண்டியதும் அதுதான்.

நாளை நாலாவது. பேண்டுக்காகவே எழுதியது, ஒரு மாத ஒத்திகை. புதனுக்குள் அனுப்பாவிட்டால் ஆல்பம் போடுகிற சென்னைக் கம்பெனி வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ரிசப்ஷனில் சாப்பிடுகிறவர்களுக்கு சினிமாப் பாட்டு வாசித்தே கிழவியாக வேண்டியதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பேண்டு சும்மா இருக்கும் என்று நாள் குறித்தேன். சாவுக்கு ஏது ஆடி? வண்டியூரில் ஒரு பெரியவர் போய்விட்டார். மைக் எல்லாம் வைத்த பிறகு காதர் அண்ணனுக்குப் போன்.

"டீச்சர், நாங்க கெளம்புறோம்."

"ஒரு மணி நேரம்ண்ணே. ஒரே பாட்டு."

"கல்யாணம்னா வேற செட்டக் கைகாட்டி விட்ருவேன். எழவு வீட்டுல கூப்பிட்டுப் போகலைன்னா நாளப்பின்ன மூஞ்சில முழிக்க முடியுமா? நாளைக்கு வாரோம்."

நாளையிலிருந்து ஸ்டூடியோ வேறு ஆளுக்கு. சொன்னேன். காதில் வாங்கவில்லை. ஏழு பேரும் குட்டியானை வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

கோபம். காதர் அண்ணன் மேல்கூட இல்லை, செத்தவர் மேல். எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

தலைவலி. பள்ளிக்கு லீவு.

ஸ்டூடியோ சுதாகர்: "எதுக்குக்கா டென்ஷன்? கீபோர்டுலயே டிரம்பெட், டிராம்போன் எல்லாம் இருக்கு. ஒரு பய கண்டுபுடிக்க மாட்டான்."

வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. அவன் வீட்டில் வைத்தே முடித்துவிட்டான். மூச்சு வாங்காத, எச்சில் தெறிக்காத ஏழு பேர். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. சோப்பு, வெந்தயம் வாங்க வேண்டும்.

ஆல்பம் வந்துவிட்டது. கம்பெனிக்கு நாலாவதுதான் ரொம்பப் பிடித்ததாம். எல்லாப் பாட்டுக்கும் பேண்டின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

நேரில் சொல்லிவிடலாம் என்று காதர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். டீ. ஸ்பீக்கரை அவரே மாட்டினார். மூன்று பாட்டுக்கும் தொடையில் தாளம். நாலாவது ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒத்திகையில வாசிச்சத ரெக்கார்டுல புடிச்சு வச்சிருந்தீகளா டீச்சர்? நாங்க போனதுல ஒங்க பாட்டு கெட்டுப்போச்சேன்னு எனக்குத் தூக்கமே இல்ல." சம்சாரத்தைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வா. மத்தது கெடக்கட்டும், இதுலதான் நம்ம பயலுக வாசிச்சிருக்கானுக. எம்புட்டு சுத்தமா இருக்கு பாரு."

அந்த அம்மா ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"இவளும் கேக்கட்டும், இன்னொருக்கா போடுங்க டீச்சர்."

போட்டேன்.