அவனுக்கு விழவிருந்த அடி

இன்று காலை ஓர் அப்பா என் மேசைமேல் ஒரு புளிய விளாரை வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் ஒடித்தது. இலைகளை உருவியிருந்தார். பட்டை உரிந்த இடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. பச்சைப் புளிய மரத்துக்கென்று ஒரு துவர்ப்பு வாடை உண்டே, அது அறை முழுக்கப் பரவியது.

"வச்சுக்குங்க மிஸ். கண்ணை மட்டும் விட்டுடுங்க, மத்தபடி தோலை உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் கொடுப்பது போல இதையும் கொடுத்தார். அவருடைய மகளுக்கு மூன்றரை வயது.

நான் அவரை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, விளாரை அவர் கையிலேயே கொடுத்தேன். சாயங்காலம் வந்து என்னோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றேன். சரிங்க என்று தலையாட்டினார். அவர் போன பிறகும் வாடை போகவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

குத்தாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த நர்சரிப் பள்ளியில்தான் நாம் முதலில் பார்த்துக்கொண்டோம். உனக்கு எல்.கே.ஜி., எனக்கு யு.கே.ஜி. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முன்பு நெல் மூட்டை அடுக்கிய கிடங்கு அது. எவ்வளவு பெருக்கினாலும் மூலையில் உமி கிடக்கும். தாளாளர் முதல் நாளே ஆளுக்கு ஒரு மர ஸ்கேலைக் கையில் கொடுத்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நீ மட்டும் அதை வைத்துப் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தாய். தாளாளர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன்னைச் சாந்தசொரூபி என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உன் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில்கூட சபைப் போதகர் அப்படித்தான் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் இடித்தவனைக் கொண்டை ஊசியால் குத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் நீ. "எனக்குக் கோவம் நிறைய வரும்டி. ஆனா மூணடி உசரத்துல இருக்கறவங்க மேல வராது" என்று சொல்வாய்.

கவின் உன் வகுப்புக்கு வந்தது ஆடியில், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம். நான்கு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான், கடிப்பான். முதல் மாதமே உன் முழங்கையில் பல் பதிய ஒரு கடி. நான் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தேன். நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். மின்விசிறி போட நீ கையைத் தூக்கியபோது அவன் பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை, நீ கவனித்தாய். மறுநாள் சட்டையைக் கழற்றிப் பார்த்தாய். முதுகில் கறுப்பும் பச்சையுமாகத் தடிப்புத் தடிப்பாக இருந்தது. பழையதன்மேல் புதியது.

அவனுடைய அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிற ஆள். குடிப்பழக்கம் கிடையாது. ஊரில் யாரோடும் வம்பு கிடையாது. நீ கூப்பிட்டனுப்பியதும் வேலையை விட்டு வந்து கைகட்டி நின்றார்.

"எங்கப்பா என்னை அடிச்சு வளத்திருந்தா நான் இப்படி மெஷின்ல உக்காந்து புழுதி தின்ன மாட்டேன் மிஸ். இவன் ஏ, பி, சி, டி சொல்ல மாட்டேங்கிறான். வேணும்னே வாயை மூடிக்கிறான்."

"வேணும்னு இல்லைங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு விரல் எலும்பே இன்னும் முழுசா கூடலை. அதுக்குள்ள எழுதச் சொல்றோம். இவனுக்குக் காது கேக்குதான்னே முதல்ல பாக்கணும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"என் பிள்ளை செவிடுங்கறீங்களா?"

அந்தக் கேள்வியோடு எழுந்து போய்விட்டார். மறுநாள் கவின் நடக்க முடியாமல் வந்தான். அவனை விட வந்த அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருகிட்ட இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். சொன்னா எனக்கும் சேத்து விழும்" என்றாள்.

தாளாளரிடம் போனாய். வீட்டு விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது என்றார் அவர். நீ அவர் எதிரிலேயே நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினாய். அந்த வாரமே மாவட்டத்திலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒரு பெண், கவின் வீட்டுக்குப் போய் விசாரித்தார். இன்னொரு முறை கை வைத்தால் பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடுவோம் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். தெருவே கேட்டதுதான் அந்த ஆளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மதியம். பிள்ளைகள் பாயில் தூங்குகிற நேரம். நான் இந்தப் பக்கம் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அப்புறம் ரப்பர் சதையில் விழுகிற சத்தம். அந்த ஆள் மெஷினில் மாட்டுகிற பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நான் தடுப்பைச் சுற்றி ஓடி வருவதற்குள், கவினைக் காலைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துவிட்டான். பிள்ளையின் தலை சிமெண்டுத் தரையில் இடித்துக்கொண்டே வந்தது. அவன் அழவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நீ ஓடிப் போய்க் கவினின்மேல் விழுந்தாய். முழு உடம்பாலும் மூடிக்கொண்டாய். பெல்ட் உன் முதுகில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது. ஜாக்கெட் கிழிந்து ரத்தம் வந்தது. நான் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஒரே தள்ளில் கரும்பலகையில் போய் மோதினேன். பிள்ளைகள் எழுந்து அலறின. சில பிள்ளைகள் பாயிலேயே நனைத்துவிட்டன. பெல்ட் கைநழுவியதும் அவன் பிள்ளைகள் உட்காரும் சின்ன இரும்பு நாற்காலியைத் தூக்கினான். உன் தலையில் அது இறங்கிய சத்தத்தை எதனோடும் ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை.

நீ மயங்கிவிட்டாய் என்று நினைத்தேன். இல்லை. அவன் காலைக் கட்டிப்பிடித்துக் கெண்டைச் சதையைக் கடித்தாய். அவன் கத்திக்கொண்டே மல்லாந்து விழுந்தான். நீ எழுந்தாய். முகத்தில் பாதி சிவப்பு. அதே நாற்காலியைத் தூக்கி அவன் தோளில் போட்டாய். மறுபடியும் போட்டாய், எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. இன்னொரு தடவை தலைக்கு நேராக ஓங்கியபடி அப்படியே நின்றாய். பிறகு நாற்காலியைக் கீழே வைத்தாய். எறியவில்லை, வைத்தாய். நான் கவினைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ரோட்டில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்து அவனைப் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "கொன்னிருப்பேன்டி. பிள்ளைங்க பாத்துச்சு. அதான் நின்னேன்."

வார்டுக்கு அந்த ஆளின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் போய்விடும், கேஸை வாபஸ் வாங்கு என்று கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவன், "கையை முறிச்ச நீயும்தான் உள்ள போவே" என்றான். "போறேன். ரெண்டு பேரும் போறோம். உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாய். அந்த மாதிரி ஒரு குரலில் நீ காப்பிக்குக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போய்விட்டார்கள்.

பழைய தழும்புகளைப் பற்றிக் கேட்டபோது கவினின் அம்மா முதலில், பிள்ளை மாடிப்படியில் விழுந்தான் என்றுதான் டாக்டரிடம் சொன்னாள். காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு செவிப்பறையும் கிழிந்து, சீழ் வைத்து, பழசாகியிருந்தது. எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்படியே நின்று சொன்னாள். "ஒண்ணரை வயசுல. சாப்பிட மாட்டேன்னான். ரெண்டு கன்னத்துலயும் மாறி மாறி அடிச்சாரு. காதுல ரத்தம் வந்துச்சு. உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்தேன்."

அடியால் காது போயிற்று. காது போனதால் பேச்சு வரவில்லை. பேச்சு வராததால் இன்னும் அடி. அந்தச் செய்தியைக் கேட்டு நான் உடைந்து அழுதேன். நீ கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் முதுகில் சுற்றியிருந்த கட்டுத் துணியில் ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. உன் வகுப்புப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தன. ஒருத்தன் அப்பா, ஒருத்தி மிஸ். அப்பா நாற்காலியைத் தூக்குவான், மிஸ் விழுவாள், எல்லோரும் கத்துவார்கள். திரும்பத் திரும்ப, அதே முகத்தோடு, சிரிப்பே இல்லாமல். நான் பயந்து நாற்காலிகளை எல்லாம் எடுத்து வெளியே போட்டேன். பிள்ளைகள் கையை ஓங்கியே விளையாடின. தஞ்சாவூரிலிருந்து குழந்தைகள் மனநல டாக்டர் ஓர் அம்மா வந்து பார்த்தார். "நிறுத்தாதீங்க. நடந்ததைச் சொல்றதுக்கு இவங்ககிட்ட வார்த்தை கிடையாது. விளையாட்டுதான் இருக்கு. யாராவது பெரியவங்க கூட உக்காருங்க" என்றார்.

நீ வந்து உட்கார்ந்தாய். தலையில் ஒரு பக்கம் மழித்து, தையல் தெரிய. பிள்ளைகள் ஒன்றொன்றாக வந்து தையலைத் தொட்டுப் பார்த்தன. "வலிக்குதா மிஸ்?" "வலிக்குதுடா தங்கம். நேத்தைக்கு விட இன்னைக்குக் கம்மி." அப்புறம் விளையாட்டு. நீயே மிஸ்ஸாக விழுந்தாய். தலையணையால் அடித்தார்கள். அடிக்கிறவன் முகம் அடிக்கும்போது எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் என்னிடம் வந்து நடுங்கினாய். ஆனாலும் மறுநாள் விழுந்தாய். அடுத்த நாளும். ஒருநாள் ஒரு சின்னப் பெண் எழுந்து போய், பாய்களை எல்லாம் இழுத்து வாசலில் குவித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "வெளிய போங்க அப்பா. இது எங்க ரூம்." எல்லாப் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் போய் நின்றன. அன்றைக்கு ஆட்டம் அப்படி முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் மண்சோறு சமைக்கப் போய்விட்டார்கள்.

அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்தது, நீ நினைத்ததைவிடக் குறைவாக. நீ அவனை அடித்தது தற்காப்பு என்று விட்டுவிட்டார்கள். தாளாளர் நம் இருவரையும் வேலையை விட்டு அனுப்பினார். நாம் திருவிடைமருதூரில் இந்த வீட்டைப் பிடித்து, நமக்குத் தெரிந்த மாதிரி ஒரு பள்ளியைத் தொடங்கினோம். கவின் அம்மா வழிப் பாட்டன் வீட்டுக்குப் போனான். ஆபரேஷன் நடந்தது, காதில் கருவி வைத்தார்கள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரா வாரம் வந்தாள். அவன் முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை. "வேணாம்." உனக்குப் போனில் சொல்லிக் காட்டினான். நீ போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றாய்.

உனக்கு வலிப்பு வர ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான். தலையில் பட்ட அடியின் தழும்பு என்றார்கள். மாத்திரை சாப்பிட்டாய். சைக்கிளை விட்டாய். பிள்ளைகள் முன்னால் வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் உன் கவலை. வரவில்லை. ஒரு விடியற்காலை, குளிக்கப் போன இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தாய். உன் அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். தற்செயல் மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் நாற்காலியைப் பற்றி ஒன்றும் இல்லை.

போன தையில் குத்தாலம் பஸ் நிறுத்தத்தில் அந்த ஆளைப் பார்த்தேன். மெலிந்திருந்தான். ஒரு தோள் இறங்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அந்த மிஸ் நல்லா இருக்காங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. நான் அடித்தேன். கன்னத்தில், கையில் இருந்த பலமெல்லாம் சேர்த்து. அவன் கையைத் தூக்கவில்லை. "செத்துப் போயிட்டா. நீ அடிச்ச அடியிலதான் செத்தா" என்றேன். சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. அவன் புழுதியில் அப்படியே உட்கார்ந்தான். எனக்குப் பரிதாபம் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். உள்ளங்கை திருவிடைமருதூர் வரைக்கும் எரிந்தது. நான் வருத்தப்படவில்லை. உன்னிடம் பொய் சொல்ல என்னால் முடியாது.

என்னிடம் இப்போது இருப்பது அந்தக் கோபம்தான். நீ விட்டுப்போனதில் எனக்கென்று வந்தது அது. மன்னித்துவிடு என்று உன் அம்மா சொல்கிறார்கள், நான் கேட்டுக்கொள்கிறேன், வருவதில்லை. தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறேன். நாள் முழுக்க அது வெயிலில் கிடக்கும். மணி அடித்து, கடைசிப் பிள்ளையையும் அதன் வீட்டார் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகு, வெளியே வந்து மாட்டிக்கொள்கிறேன். காலுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறேன்.