உன் பீர் என் கராஜில் இருக்கிறது

நேற்று சனிக்கிழமை. மில்பிடாஸில், பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றித் தரும் நம்முடைய பழைய டேப்ரூமுக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் நின்ற புது ஆள் என் முகத்தைப் பார்த்ததும் ரொம்பவும் ஆசையாக ஒரு சின்னக் கிளாஸை நீட்டினான். மாம்பழ லஸ்ஸி பீராம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோதே ஏலக்காய் வாசம் குப்பென்று அடித்தது. குங்குமப்பூகூடப் போட்டிருக்கிறோம் என்று பெருமை வேறு. கல்யாணப் பந்தியில் யாரோ பாயசத்துக்குள் பீரைக் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளாஸை ஓரமாக வைத்தேன். எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை. உன்மேல்தான்.

செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். அந்த மரியாதையெல்லாம் எனக்கு வராது. உயிரோடு இருந்தபோதே பாதிப் பேச்சில் எழுந்து போனவன் நீ. மீதியை நான் யாரிடம் போய்ப் பேசுவது?

நீ வராமல் போன பிறகு அந்த இடம் எப்படி ஆகிவிட்டது என்று கேள். டைல்ஸ் கோடவுனுக்குப் பின்னால் ரெண்டு பெஞ்சும் ஒரு ரோல் பேப்பர் டவலுமாக இருந்ததே, அது இப்போது குழந்தைகளின் பர்த்டே பார்ட்டி நடக்கும் இடம். ஒரு மூலையில் பலூன், இன்னொரு மூலையில் நாய்கள். எந்த பீரைக் கேட்டாலும் கழனித் தண்ணி நிறத்தில் வருகிறது. கசப்பு என்று ஒரு சுவை உலகத்தில் இருந்தது என்பதையே மறந்துவிட்டார்கள். அன்னாசி, கொய்யா, தேங்காய், மார்ஷ்மெல்லோ. வாங்குகிறவனும் குடிப்பதில்லை. டின்னைத் திருப்பித் திருப்பிப் போட்டோ எடுக்கிறான், போனில் நட்சத்திரம் போடுகிறான், பாதியை வைத்துவிட்டுப் போகிறான். இதையெல்லாம் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால் பக்கத்தில் ஒரு ஸ்ட்ரோலர் நிற்கிறது.

நம் முதல் ஐபிஏ, அந்தக் கசப்பு பீர், ஞாபகம் இருக்கிறதா? சான்டா கிளாராவில் ஒரே அபார்ட்மென்ட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தோம். ஆபீசில் யாருக்கோ ஃபேர்வெல் லஞ்ச். பெயர் தெரியாமல் ரெண்டு பேரும் ஒன்றையே ஆர்டர் செய்தோம். ஊரில் ஒயின்ஷாப் பீரைத் தவிர வேறு பீர் தெரியாத நாக்கு நமக்கு. ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன் நான். நீ கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாய். வேப்பம்பூ ரசம் மாதிரி இருக்குடா என்றாய். என் கிளாஸையும் இழுத்து வைத்துக்கொண்டாய். என்னவோ சொந்தக்காரனை ஏர்போர்ட்டில் பார்த்துவிட்ட மாதிரி உன் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்துத்தான் நானும் கசப்பைப் பழகிக்கொண்டேன். பீருக்காக இல்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் சனிக்கிழமைகள். புது பீர் வெளிவரும் நாட்களில் காலையிலேயே போய் வரிசையில் நிற்போம். முன்னால் பின்னால் எல்லாம் தாடிக்காரர்கள். நாம் மட்டும் ஃபிளாஸ்க்கில் காபியும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். அந்தத் தாடிகளில் பாதிப் பேர் உன் மனைவியின் இட்லிக்காகவே நமக்கு இடம் பிடித்து வைத்தார்கள். பாட்டில் கைக்கு வந்ததும் நீ அதைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வருவாய். மூடியைத் திறந்ததும் பீருக்குக் கசப்பைத் தரும் அந்த ஹாப்ஸ் பூவின் வாசம், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அப்படி. ஒரு வார ஆபீஸ் அழுக்கு மொத்தமும் அந்த ஒரு முகர்வில் போய்விடும்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வரும்போது நாம் செய்த வேலையை அமெரிக்காவில் வேறு எந்த ஜனமாவது செய்யுமா என்று தெரியவில்லை. உன் அப்பா அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாசத்துக்கு வருகிறார்கள் என்றால், முந்தின வாரம் உன் கராஜ் ஃபிரிட்ஜில் இருக்கும் பீர் முழுக்க என் கராஜுக்கு வந்துவிடும். என் பக்கத்து ஆட்கள் வந்தால் என்னுடையது உன் வீட்டுக்கு. பெட்டிகளைக் காரில் ஏற்றி மேலே பெட்ஷீட் போர்த்தி, திருட்டு மணல் லாரி மாதிரி ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டு வருவோம். உன் மனைவி எலுமிச்சம்பழத் தோலை வைத்து ஃபிரிட்ஜைத் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பாள். வீட்டு லோன் கட்டுகிற, தலை நரைத்த ரெண்டு ஆம்பளைகள் அப்பாவுக்குப் பயந்து இப்படி ஓடுகிறீர்களே என்று சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் தடவை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினோம். ஆறு மாசம் கழித்துத் திறந்தால் ஐபிஏ எல்லாம் பாழ். வாசம் போய், நனைந்த அட்டைப்பெட்டியை மென்ற மாதிரி இருந்தது. நீ சாவு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டாய். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை வருஷக்கணக்காக வைக்கலாம், ஐபிஏவை வைக்கக்கூடாது. “கறிவேப்பிலை மாதிரிடா. வாங்கினமா, போட்டமான்னு இருக்கணும்.” அதற்குப் பிறகு ஊரிலிருந்து ஆள் வருகிறது என்றாலே முதலில் ஐபிஏவைக் குடித்துத் தீர்ப்போம். அதெல்லாம் நல்ல வாரங்கள்.

அந்த நீதான் என் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னாய். யாரோ ஒரு ஸ்டவுட் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கலர் சீரியலைப் போட்டுச் செய்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நீ கிளாஸை வைத்தாய். போர் அடித்துவிட்டது, இனிமேல் சனிக்கிழமை வரமாட்டேன் என்றாய். நான் சந்தோஷமாகவே தலையாட்டினேன். ஆமாம், இது பீரே இல்லை, எல்லாவற்றையும் மிட்டாய்க் கடை ஆக்கிவிட்டார்கள், நாம் வேறு இடம் தேடலாம், சான்டா குரூஸ் பக்கம் ஒருவன் பழைய முறையில் செய்கிறானாம் என்றெல்லாம் அடுக்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

“பீர் மேல பழி போடாதடா. நமக்கு அப்ப வேற ஒண்ணும் இல்ல. கிரீன் கார்டு க்யூ நகரவே இல்ல, இந்த க்யூவாவது நகர்ந்துச்சு. அவ்ளோதான். இதுல ஒண்ணும் இல்ல.”

சொல்லிவிட்டு, பையனுக்கு மறுநாள் காலையில் ஸ்விம் மீட் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாய். உனக்கென்ன. உனக்குக் கார்டு வந்தது, புது வேலை வந்தது, குளத்தங்கரையில் உட்கார்ந்து கைதட்ட ஒரு பையன் இருந்தான். எனக்கும்தான் கார்டு வந்தது. மகள் டெக்சாஸில் படிக்கப் போய்விட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், ரெண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்காரிக்குச் சனிக்கிழமை முழுக்கப் பாட்டு கிளாஸ். எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாள். அதில் ஒன்றும் இல்லை என்றால் அத்தனை வருஷம் என் எதிரில் உட்கார்ந்து நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? உனக்கு அலுத்தது பீரா, நானா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். இதைக் கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை. நானும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு நாள், நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தவன் மாதிரி, அப்பா அம்மா வர்றாங்கடா, கராஜில் இடம் இருக்கா என்று போன். வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? குடிக்காதவனுக்குப் பாட்டில் எதற்கு, சிங்க்கில் கொட்டிவிட்டுப் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. கொண்டு வா என்றேன். வழக்கம்போல் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு வந்தாய். ஸ்டவுட் பெட்டிகளை ரெண்டு பேரும் இறக்கினோம். கடைசியில் முன் சீட்டிலிருந்து தனியாக ஒரு நாலு டின் எடுத்து நீட்டினாய். புது ஐபிஏ. இதை வைக்காதே, குடித்துவிடு என்றாய். எதற்கு என்று கேட்டேன். “உனக்குன்னுதான் வாங்கினேன். பழைய கசப்பு. இன்னும் ஒருத்தன் பண்றான்.”

லஞ்சமா என்று நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு நாலு டின். ஃபிரிட்ஜின் பின்பக்கம் தள்ளி வைத்தேன், தொடவில்லை. குடித்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நீ உட்கார்ந்து கூடக் குடித்திருந்தால் குடித்திருப்பேன்.

நாலைந்து மாசம் போயிருக்கும். பாட்மின்டன் கோர்ட்டில், டபுள்ஸ் ஆடிக்கொண்டிருந்தவன் தரையில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. உன் அப்பா அம்மா இங்கே இருக்கும்போதே போனாய். உன் பாட்டில்கள் என் வீட்டில் இருக்கும்போது போனாய். காரியமெல்லாம் முடியும்வரை என் கராஜ் பக்கம் நான் போகவே இல்லை.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல் நெற்றியில் விபூதி, கையில் மடித்த கைக்குட்டை. உன் வீட்டு கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போய், அந்த ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை. பளபளவென்று இருந்தது.

“ஒவ்வொரு தடவ வரும்போதும் இப்படித்தான் தம்பி இருக்கும். உள்ள ஒரு தக்காளிகூடக் கிடையாது. கரண்ட் மட்டும் ஓடிட்டிருக்கும். நான் ஈபில வேல பாத்தவன். காலி ஃபிரிட்ஜ யாராவது ஓட்டுவாங்களா?”

நாம் பெட்ஷீட் போர்த்தினோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு தடவைகூட நம் ரெண்டு எஞ்சினியர் மூளைக்கும் தோன்றவில்லை. அவர் முதல் தடவையே கண்டுபிடித்துவிட்டார். நீயே சொல்வாய் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாராம். பாட்டிலெல்லாம் எங்கே போகிறது என்றும் தெரிந்துதான் இருக்கிறது. உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அதைப் பார்க்கணும் என்றார்.

என் கராஜில் உன் பெட்டிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம், எனக்கு ஒண்ணு குடுங்க என்றார். வாழ்க்கையில் வெற்றிலைப் பாக்குகூடப் போடாத மனுஷன். நல்ல ஸ்டவுட்டாக எடுத்திருக்கலாம். என் கை அந்த நாலு டின்னுக்குத்தான் போனது. நீ எனக்கென்று வாங்கியது. ரெண்டு கிளாஸில் ஊற்றினேன். நான்தான் முதலில் குடித்தேன். வாசம் செத்துப்போயிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியும் கசப்பும் மட்டும்தான் மிச்சம்.

அவர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கா தம்பி? பெத்தவங்ககிட்ட மறைச்சு, கார்ல ஏத்தி எறக்கி, இதுக்காகவா?”

புதுசில் இப்படி இருக்காது என்று சொல்லியிருக்கலாம். அதைவிடச் சுலபமாக, உன் வார்த்தையையே சொல்லியிருக்கலாம். இதில் ஒன்றும் இல்லை அங்கிள், அந்த வயசில் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை, அவனே விட்டுவிட்டான். அவருக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நிம்மதிக்காக நம்முடைய அத்தனை சனிக்கிழமைகளையும் நான் தூக்கிக் கொடுக்க மாட்டேன்.

“ஆமா அங்கிள். இதுக்குத்தான்.”

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கிரேட்டின்மேல் மெல்ல உட்கார்ந்து, கிளாஸை நீட்டினார்.

“அவன் எவ்ளோ குடிப்பானோ, அவ்ளோ ஊத்துங்க.”

நிறைய ஊற்றினேன். கெட்டுப்போன பீர் அது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார் மனுஷன்.

நீ போய்விட்டாய் என்பதற்காக இந்தச் சண்டையை நான் விடுவதாக இல்லை. சனிக்கிழமை தோறும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன், தூக்கிக்கொண்டுதான் வருகிறேன். இதில் ஒன்றும் இல்லை என்றாயே. தைரியம் இருந்தால் அதை உன் அப்பாவிடம் வந்து சொல்.